திறக்காத ஃபைல், சேவ் ஆகாத ஃபைல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடியாத்தத்தில் பத்திரம் டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன் சார். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் வேர்ட் மாதிரியான லிப்ரே ஆபீஸ் மென்பொருள், ஃபைல் எல்லாம் ஒரே ஷேர் ஃபோல்டரில். நேற்று முதல் கம்ப்யூட்டரில் ஒரு கிரயப் பத்திரம் பாதி அடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இருக்கிற இரண்டாவது கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் 'வேறொருவர் எடிட் செய்கிறார்' என்று அணைந்து கிடக்கிற கம்ப்யூட்டரின் பெயரைக் காட்டுகிறது. படிக்கத்தான் விடுகிறது, சேவ் பண்ண விடவில்லை. பார்ட்டி வேறு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பதில்: பேய் எதுவும் இல்லை, பூட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸ் ஒரு ஃபைலைத் திறந்ததுமே பக்கத்தில் ஒரு குட்டி ஃபைலை ஒளித்து வைக்கும். அதன் பெயர் ஒரு புள்ளி, ஒரு அலைக்கோடு, 'லாக்' என்ற சொல், அப்புறம் உங்கள் பத்திரத்தின் பெயர், கடைசியில் ஒரு ஹேஷ் குறி என்று இருக்கும். யார், எந்த கம்ப்யூட்டரில், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது அதற்குள் எழுதியிருக்கும். முறையாக மூடினால் அதுவும் அழிந்துவிடும். கரண்ட் போனால் அழிக்க ஆள் இல்லை, பூட்டு அப்படியே நின்றுவிடுகிறது. வேர்டிலும் இதே கதைதான், அங்கே பெயர் அலைக்கோடும் டாலர் குறியுமாக ஆரம்பிக்கும்.

அந்தக் குட்டி ஃபைலை அழித்தால் போதும். ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். ஆனால் அவசரப்பட்டு உடனே அழிக்காதீர்கள், முதலில் அந்த முதல் கம்ப்யூட்டரை ஆன் செய்து அதில் லிப்ரே ஆபீஸைத் திறங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாகவே எடுத்து வைத்த பிரதியை மீட்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். இரண்டாவது கம்ப்யூட்டரில் பூட்டை உடைத்து நீங்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஒரே பத்திரத்துக்கு இரண்டு பிரதி ஆகிவிடும், சர்வே எண் எதில் சரியாக இருக்கிறது என்று ராத்திரி முழுக்க ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த யுபிஎஸ்ஸை முதல் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள், அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் கரண்டை நம்ப முடியாது.

கேள்வி: நான் பேரணாம்பட்டு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வினாத்தாளை வேர்டில் அடித்து பென் டிரைவில் வைத்துக்கொண்டு வீட்டிலும் பள்ளியிலும் மாற்றி மாற்றி வேலை செய்வேன். இப்போது திறந்தால் 'படிக்க முடியாத உள்ளடக்கம்' என்று வருகிறது. பிரௌசிங் சென்டர் தம்பி பார்த்துவிட்டு கரப்ட் ஆகிவிட்டது, ஆபீஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். மற்ற ஃபைல்கள் அந்த வேர்டில் ஒழுங்காகத் திறக்கிறதா? திறந்தால் வேர்டின் மேல் தப்பில்லை. கிழிந்த நோட்டுக்காகக் கண்ணாடியை மாற்றுகிற மாதிரி ஆகிவிடும். எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. ஒரு கடையில் கொடுத்தேன், அவர் கேள்வியே கேட்காமல் ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டார். திறக்காத ஒரு ஃபைலுக்காகப் போனவன், திறந்துகொண்டிருந்த முந்நூறு சொச்சம் ஃபைலையும் விட்டுவிட்டு வந்தேன்.

முதல் வேலை, அந்த பென் டிரைவில் இனிமேல் எதையும் எழுதாதீர்கள். ஃபைலை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்து, காப்பியில் மட்டும் கை வையுங்கள். அதன் அளவு எவ்வளவு என்று பாருங்கள். 0 கேபி என்றால் உள்ளே ஒன்றுமில்லை. அளவு இருந்தால் நோட்பேடில் திறங்கள். முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் பி, கே என்று இருக்கிறதா? இருந்தால் பாதி நிம்மதி. 2007-இல் இருந்து வேர்ட் சேவ் செய்கிற டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை, ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள்தான் அந்த பி, கே. நோட்பேட் முழுக்க வெறும் இடைவெளியாகத் தெரிந்தால், அளவு மட்டும்தான் மிச்சம், சரக்கு போய்விட்டது.

பி, கே இருந்தால் மூன்று வழி இருக்கிறது. வேர்டில் ஓப்பன் பெட்டிக்குப் போய் ஃபைலை ஒரு கிளிக் மட்டும் செய்து, ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' என்று இருக்கும், அதை முயற்சி செய்யுங்கள். ஆகவில்லையா, லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள், வேர்ட் கைவிட்டதை அது திறந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் ஆகவில்லை என்றால் காப்பியின் பெயர்க் கடைசியில் டாக்எக்ஸை எடுத்துவிட்டு ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதில் டாக்குமென்ட் என்கிற எக்ஸ்எம்எல் ஃபைல். நீங்கள் அடித்த கேள்வி எல்லாம் அதில்தான் இருக்கும், குறிகளுக்கு நடுவே சிதறி, ஆனால் முழுசாக. மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும். ஐம்பது கேள்வியைத் திரும்ப யோசிப்பதைவிட அதிலிருந்து பொறுக்கி எடுப்பது மேல்.

ஏன் இப்படி ஆயிற்று? பென் டிரைவை எப்படிக் கழற்றுவீர்கள்? பெல் அடித்ததும் அப்படியே உருவிக்கொண்டு ஓடுவீர்கள், சரிதானே. வேர்ட் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை, தற்காலிகமாக ஒரு ஃபைல் எழுதி, பழையதை எடுத்துவிட்டு, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். நடுவில் உருவினால் எது வேண்டுமானாலும் ஆகலாம். போதாக்குறைக்கு ஜிப் ஃபைலில் 'எது எங்கே இருக்கிறது' என்ற பட்டியல் கடைசியில்தான் வரும், வால் மட்டும் அறுந்துபோனால்கூட மொத்த ஃபைலும் திறக்காது. ஜிப் ஃபைல்களைத் திறக்கும் வின்ரார் மென்பொருளில் இருக்கும் ரிப்பேர் சில நேரம் அந்தப் பட்டியலைத் திரும்பக் கட்டித் தரும். பென் டிரைவில் டிஎம்பி என்று முடியும் ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், அதை காப்பி எடுத்து டாக்எக்ஸ் என்று பெயர் மாற்றினால் நேற்றைய வினாத்தாள் சிரித்துக்கொண்டு வெளியே வரலாம். எதுவும் கிடைக்காவிட்டால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அழிந்த டாக்எக்ஸையும் தேடும், பெயர் என்னவோ போட்டோவுக்கு என்பது மாதிரி இருக்கிறது. இனிமேல் வீட்டு கம்ப்யூட்டரில் சேவ் செய்துவிட்டு, கடைசியாக பென் டிரைவுக்கு காப்பி, அப்புறம் 'இஜெக்ட்'.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீஸில் பில்லிங் பார்க்கிறேன். எக்செல்லில் சில ஃபைல் மட்டும் சேவ் ஆக மாட்டேன் என்கிறது. அதே ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்தால் சேவ் ஆகிறது.

பதில்: பில் நம்பரைச் சாய்கோடு போட்டுப் பெயரில் வைக்கிறீர்களா? விண்டோஸில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் இதெல்லாம் ஃபைல் பெயரில் வரக்கூடாது. ஆனால் டெஸ்க்டாப்பில் சேவ் ஆகிறது என்கிறீர்கள், அப்படியானால் பாதையின் நீளம்தான். எக்செல்லுக்கு ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 218 எழுத்துக்கு மேல் ஆகாது. சர்வரில் வருஷம், கஸ்டமர், நாடு, ஆர்டர், திருத்தியது, கடைசியாகத் திருத்தியது என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டால் எளிதாகத் தாண்டிவிடும். தமிழில் பெயர் வைத்தால் இன்னும் சீக்கிரம். 'வேலூர்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு, காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு.

கேள்வி: ராணிப்பேட்டையில் சங்கத்துப் பழைய கடிதங்களைப் புது லேப்டாப்பில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறது. வைரஸா?

பதில்: எழுத்துருதான் இல்லை, வைரஸ் இல்லை. கிறுக்கலில் ஜே, கே, பி, ஓ, அதை ஒட்டி ஒரு அரைப்புள்ளி என்று எங்காவது வருகிறதா பாருங்கள். வந்தால் அது பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துமுறை வருவதற்கு முன்னால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்துத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பழைய கம்ப்யூட்டரில் இருந்து அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டால் உடனே படிக்கலாம். நிரந்தரமாக வேண்டும் என்றால் எழுத்துரு மாற்றித் தரும் மென்பொருளை வைத்து யூனிகோடாக ஆக்கிவிடுங்கள், தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. மாற்றும்போது எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், வானவில் என்ற எழுத்துருவுக்குப் பாமினி என்று சொல்லிவிட்டால் புதுவிதக் கிறுக்கல் வரும். அப்படியே தலைப்பில் முகவரியையும் பாருங்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகும் 'வேலூர் மாவட்டம்' என்று அடித்த லெட்டர் பேடு இன்னும் கண்ணில் படுகிறது, 'வட ஆற்காடு' என்றிருந்த ஒன்றையும் போன மாதம் பார்த்தேன்.

கேள்வி: காட்பாடியில் கல்லூரி மாணவன் அண்ணா. புது லேப்டாப்பில் வேர்ட் திறக்கிறது, ஆனால் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. பிராஜெக்ட் ரிப்போர்ட் நாளைக்குக் கொடுக்கணும்.

பதில்: லேப்டாப்போடு வந்த இலவச நாள்கள் முடிந்திருக்கும் தம்பி. அப்புறம் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், அடிக்கவோ சேவ் செய்யவோ முடியாது. காசு கட்டுங்கள், இல்லை லிப்ரே ஆபீஸை இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். அதில் டாக்எக்ஸாகவே சேவ் செய்யலாம், ஆனால் பக்க எண்ணும் அட்டவணையும் கொஞ்சம் நகரும், அதனால் பிரிண்டுக்கு பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கிராக் போட்ட ஆபீஸ் தருகிறேன் என்று ஹாஸ்டல் நண்பர் சொல்வார், வேண்டாம்.

கேள்வி: ஆற்காட்டில் இருந்து எழுதுகிறேன். லிப்ரே ஆபீஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் மட்டும் சேவ் ஆகவில்லை, டி டிரைவில் ஆகிறது. இரண்டு முறை அழித்துப் போட்டுவிட்டேன்.

பதில்: மூன்றாவது முறை போடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியைத் திறந்து 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரியான ஃபோல்டர்களில் தனக்குத் தெரியாத மென்பொருள் எழுதவந்தால் அது தடுத்துவிடும். டி டிரைவை அது கண்டுகொள்வதில்லை. அதை ஆஃப் செய்ய வேண்டாம், அங்கேயே அனுமதி கொடுக்கும் பட்டியல் இருக்கிறது, லிப்ரே ஆபீஸின் ப்ரோக்ராம் ஃபோல்டருக்குள் எஸ்ஆபீஸ் என்ற பெயரில் எக்ஸ்இ (exe) என்று முடிவது, பின் (bin) என்று முடிவது இரண்டையும் அதில் சேருங்கள். ஏற்கெனவே ஆஃபில்தான் இருக்கிறது என்றால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று ஃபோல்டரின் முழுப் பாதையைப் பார்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் மேற்கொண்டு பார்ப்போம்.