மச்சாளுக்குத் தெரியாத கறுப்பு நூல்

கேள்வி: புதுக்குடியிருப்பில் குழந்தைத் தொப்பி, கைப்பை, சட்டி பிடிக்கும் துணி எல்லாம் பின்னி விற்கிறேன். கனடாவில் இருக்கும் சித்தி மகள் ஓடர் எடுத்துத் தருகிறா. ஆட்டை வதைக்காத, நியாயமான நூலா என்று அங்கே கேட்கிறார்களாம். எனக்குக் கட்டுப்படியாவது அக்ரிலிக்தான். எந்த நூலை வாங்கலாம்? 2009க்குப் பிறகு இவரின் அக்காவும் எங்களோடுதான். இரவில் அவவும் பின்னித் தருவா; வீட்டு ஆள்தானே, கணக்கு வழக்கு இல்லை. கறுப்பு நூல் மட்டும் அவவுக்குக் கண் பிடிக்காது, அதை நானே பின்னுவேன்.

பதில்: தங்கச்சி, ஆட்டுக்கு ஒரு முழு வசனம் எழுதியிருக்கிறீர்கள். மச்சாளின் கண்ணுக்கு அரை வசனம். நான் அந்த அரை வசனத்தில் இருந்துதான் தொடங்குவேன்.

கறுப்பில் கண்ணி தெரியவில்லை என்று அவர் சொன்ன அன்று என்ன செய்தீர்கள்? கறுப்பை வாங்கிக்கொண்டு வெள்ளையைக் கொடுத்தீர்கள். ஓடர் பிழைக்காமல் பார்த்தீர்கள். கண்ணைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனதாக எழுதவில்லையே! அரச ஆஸ்பத்திரியில் கண் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை. வெண்புரையா, கண்ணாடி போதுமா என்று டொக்டர் சொல்லட்டும். கண்ணாடிக் காசு உங்கள் வியாபாரத்தில் இருந்து போகவேண்டும்.

"வீட்டு ஆள்தானே" என்பதை எத்தனையோ கடிதங்களில் வாசித்துவிட்டேன். எழுதுகிறவர் ஒருநாளும் அந்த வீட்டு ஆளாக இருந்ததில்லை. தம்பி வீட்டில் இருப்பது அக்காவின் உரிமை. அந்தச் சோற்றுக்கு அவர் கண்விழித்துக் கடன் கழிக்கத் தேவையில்லை. கச்சான் பிடுங்கப் போயிருந்தாலும் பின்னேரம் கூலி கைக்கு வந்திருக்கும்.

சரி, நூலுக்கு வருகிறேன். அவர்கள் பயப்படுவது மெரினோ என்ற செம்மறியாட்டின் கம்பளிக்கு. ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க, குட்டியின் பின்புறத் தோலை வெட்டி எடுக்கும் வழக்கம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூசிலாந்து அதை 2018இல் தடை செய்துவிட்டது. உங்களுக்குப் புதுக் கம்பளியே வேண்டாம். கனடாவில் இருந்து வரும் பெட்டியில் பழைய ஸ்வெட்டர் போட்டுவிடச் சொல்லுங்கள். தொப்பிக்கு அதைப் பிரிக்கலாம். முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். வெட்டி ஓவர்லொக் அடித்தது என்றால் துண்டு துண்டாகத்தான் வரும், மினக்கெடவேண்டாம். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து நிழலில் காயப்போட்டால் நெளிவு போய்விடும்.

அக்ரிலிக் பெற்றோலியத்தில் இருந்து வரும் பிளாஸ்டிக். கழுவக் கழுவ இழை உதிர்ந்து தண்ணீரோடு போகும். சட்டி பிடிக்கும் துணியை அதில் பின்னவே கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்திதான். கைப்பைக்கு நூலே வாங்காதீர்கள். பழைய ரீசேட்டை அடியில் இருந்து அக்குள் வரை, ஒரு அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி இழுத்துவிடுங்கள். ஓரம் சுருண்டு தடித்த நூலாகிவிடும்.

புதுப் பருத்தி நூல் வாங்கினால் 'கோட்ஸ்' (GOTS) என்ற இயற்கைத் துணித் தரச் சான்று முத்திரை பாருங்கள். குறைந்தது 70 சதவீதம் இயற்கை விவசாய இழை இருக்கவேண்டும். நூற்கிறவர், சாயம் போடுகிறவரின் கூலியையும் வேலை நேரத்தையும் கூடப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். உங்கள் விறாந்தையில் பின்னுகிறவருக்கு அந்தக் கணக்கை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். எது யார் பின்னியது, எத்தனை மணித்தியாலம் என்று எழுதுங்கள். விலையைக் கூட்டி, ஏன் கூட்டினோம் என்பதையும் சித்தி மகளுக்குச் சொல்லுங்கள். மச்சாளின் பங்கை மச்சாளின் கையிலேயே கொடுங்கள், தம்பியிடம் வேண்டாம்.

கண் பார்த்து முடியும்வரை இரவுப் பின்னல் நிற்கட்டும். அப்புறம் கறுப்பு நூலை அவர் முன்னால் வைத்து, பின்ன விருப்பமா என்று கேளுங்கள்.