அமெரிக்காவிலும் ஆஸ்பத்திரி தூரம்தான்

கேள்வி: என் மகள் டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறாள். ஏழாம் மாதம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதில்லையாம். காரில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டுமாம். அமெரிக்காவிலுமா இப்படி?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அங்கேயும்தாம்மா. கிராமத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 25 படுக்கைகூடத் தாண்டாது. வாரத்துக்கு ஒரே பிரசவம் என்றாலும் நர்ஸ், மயக்க மருந்து கொடுப்பவர் எல்லாரும் ராத்திரி பகலாகத் தயாராக இருக்க வேண்டும். கட்டுப்படியாகாதபோது பெரும்பாலும் பிரசவ வார்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதே வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. 1925இல் கென்டக்கி மாநிலத்தின் லெஸ்லி கவுன்ட்டியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற நர்ஸ் தொடங்கிய சேவையில் நர்ஸுகள் குதிரையேறிப் போய் வீட்டிலேயே பிரசவம் பார்த்த நாடு அது!

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். கடைசி வாரங்களில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே போய்த் தங்கலாமா, எப்போதிலிருந்து என்று அவளுடைய டாக்டரிடம் இப்போதே கேட்கட்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. வழியில் வலி முற்றினால் அங்கத்திய அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிடட்டும். எமர்ஜென்சி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் போகலாம். பிரசவ வார்டு இல்லாவிட்டாலும், காசு, இன்சூரன்ஸ் பார்க்காமல் அவளைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் அப்புறம் வரும், அது வேறு கதை.