வளவு முழுக்க ஒரே அப்பத்தா

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் ஏழு தூணடியிலும் அப்பத்தாவே உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் செய்ய ஆசை. தனித்தனியாக ஏழு படம் எடுத்து ஒட்டினேன். தரையில் வெயில் வெட்டு வெட்டாக இருக்கிறது. இரண்டு இடத்தில் அப்பத்தா தரையில் ஒட்டாமல் மிதக்கிறார். எங்கே தவறு?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்விட, ஒருவரே காத்துக்கிடக்கும் வீடுகள் நிறைந்த செட்டிநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கற்பனை இல்லை. விட்டுவிடாதீர்கள்.

வளவு வானம் பார்த்த முற்றம். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஏழு படத்துக்கு அரை மணி எடுத்தால் வெயில்கோடு ஓர் ஆத்தங்குடிக் கல்லைத் தாண்டி அடுத்த கல்லுக்குப் போயிருக்கும். அதனால் தரையில் வெயில் இறங்குமுன், காலை ஏழு மணி வாக்கில் எடுங்கள். உட்காரும் இடங்களை முதல்நாளே சாக்பீஸால் குறித்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். முதலிலும் கடைசியிலும் ஆளில்லாத வளவை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். வழுவழுத் தரையில் நூலளவு நழுவினாலும் தூண் இரட்டையாகும். லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/60 நொடியைவிட மெதுவாக வேண்டாம், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றுங்கள். ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அரக்குச் சேலை கேமராவுக்கு அருகில் வரும்போது சுவரின் வெள்ளையே நிறம் மாறும்.

மிதப்பதற்குக் காரணம், சேலை ஓரத்தோடு ஒட்ட வெட்டியது. உடம்பு தரையைத் தொடும் இடத்தில் விரலகலம் கருநிழல் இருக்கும். பளபளக்கும் கல்லில் சேலையின் மங்கிய சாயலும் விழும். ஆளைத் தரையில் உட்காரவைப்பதே அவை இரண்டும்தான். கணினியில் ஆளில்லாத படத்தை அடியில் வைத்து, அப்பத்தா படங்களை அதன்மேல் லேயர்களாக (அடுக்குகளாக) வைத்து, ஒவ்வொரு லேயருக்கும் அதை மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் ஆளைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தரையோடு சேர்த்து வெளிக்கொண்டு வாருங்கள். கேமராவுக்கு அருகில் இருப்பவர் மேல் லேயரில் வரவேண்டும்.

கணினி இல்லாமல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில் இதைத்தான் செய்தார்: பல என்லார்ஜர்களில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவிகளில்) வெவ்வேறு நெகட்டிவ், ஒரே தாள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகரும். ஒன்று எங்கே கரைந்து மற்றது தொடங்குகிறது என்பதில்தான் அவர் உழைப்பு முழுக்க.

ஏழு அப்பத்தாவும் ஒரே மாதிரி உட்கார்ந்தால் நகல் எடுத்ததுபோல ஆகிவிடும். ஒருவர் சாவிக்கொத்தை எண்ணட்டும், ஒருவர் முகப்புப் பக்கம் பார்க்கட்டும், ஒருவர் தூணில் சாய்ந்து கண் அயரட்டும்.