வாசகர் கேள்வி பதில்: விட்சர் 3 கதை அவ்வளவு நல்லதா?

சென்ற இதழில் வீடியோ கேம்களின் கதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விளையாட்டைப் பற்றியவை. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட விட்சர் 3. ஆகவே இந்த முறை பெரும்பகுதி அதற்கே. கதையின் முடிவுகளையும் சொல்லித்தான் கதைக்கப் போகிறேன். இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரே போய்விடலாம்.

ஆர்.பி.ஜி. (கதையின் ஒரு பாத்திரமாகவே நாம் நடந்து விளையாடும்) விளையாட்டுகளிலேயே சிறந்த கதை விட்சர் 3 தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் முடித்துவிட்டேன். உலகம் அழியப் போகிறது, ஒரு பெண்ணிடம் சக்தி இருக்கிறது, கெட்டவர்கள் துரத்துகிறார்கள். வழக்கமான கதைதானே? இதில் அப்படி என்ன இருக்கிறது?
*உயர்தர மாணவர், தருமபுரம்*

தம்பி, நீங்கள் சொல்வது அந்த விளையாட்டின் பெரிய கதை. அது பலவீனமானதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. எரெடினை எடுத்துக்கொள்ளுங்கள். பேய்ப்படையின் அரசன், முழு விளையாட்டுக்கும் வில்லன். அவனுடைய உலகம் பனியில் உறைந்துகொண்டிருக்கிறது, தன் சனத்துக்கு வேறு வழி திறக்கத்தான் நீங்கள் சொன்ன அந்தச் சக்தியுள்ள பெண்ணை, சிரில்லாவை, துரத்துகிறான். எவ்வளவு நல்ல காரணம்! ஆனால் அதை மற்றவர்கள் வாயால்தான் கேள்விப்படுகிறோம். அவன் முகமூடியோடு வருகிறான், சண்டை போடுகிறான், செத்துப் போகிறான். எங்கள் பக்கத்துப் பண்டாரவன்னியன் நாடகங்களை நினைத்துப் பாருங்கள். காக்கை வன்னியன் பண்டாரவன்னியனின் சகோதரி நல்லநாச்சியைப் பெண் கேட்டு அவமானப்பட்டுத் திரும்பும் காட்சி இருப்பதால்தான் பிறகு அவன் காட்டிக்கொடுக்கும்போது சனம் பல்லைக் கடிக்கிறது. எரெடினுக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை.

கடைசிப் பகுதியிலும் இதே அவசரம். வெண்பனி எல்லா உலகங்களையும் விழுங்கப் போகிறது என்று அவ்வளவு நேரம் பயமுறுத்திவிட்டு, சிரில்லா கோபுரத்துக்குள் போய் அதை நிறுத்திவிட்டாள் என்று முடித்துவிடுகிறார்கள். உள்ளே என்ன செய்தாள் என்பது காட்டப்படவில்லை. அரசனைக் கொல்லும் சதிக் கதையில் டைக்ஸ்ட்ரா என்ற மகா புத்திசாலி உளவாளி, வாள்வீரர்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் திடீரென்று கூட்டாளிகளுக்கு எதிராகத் திரும்புவான். அதுவரை பார்த்த ஆள் அப்படிச் செய்யவே மாட்டான். கதை எழுதியவர்களுக்கு முடிக்க வேண்டியிருந்தது, அவனை முட்டாளாக்கிவிட்டார்கள். நொவிகிராட் நகரத்தில் பாட்டுக்காரன் டான்டிலியனைத் தேடி ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அலையும் பகுதியும் இழுவை.

சரி, பிறகு ஏன் நான் இதை இவ்வளவு உயர்வாகச் சொல்கிறேன்? வேலன் என்ற பகுதிக்காக. இரண்டு படைகள் நடந்து முடித்த நிலம் அது. தூக்கிலிடப்பட்டவர்கள் தொங்கும் ஒரு பெரிய மரம், ஆள் குறைந்த ஊர்கள், ஆற்றுப் பாலத்தடியில் பாஸ் இல்லாமல் மறிக்கப்பட்டு நிற்கும் அகதிகள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்ற எவருக்கும் அந்தப் பாலத்தைக் காட்டினால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். அங்கேதான் அந்த பாரன் (நிலப்பிரபு) இருக்கிறான், சனம் 'இரத்த பாரன்' என்று அழைக்கும் பிலிப் ஸ்ட்ரெங்கர்.

மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள், கண்டுபிடித்துத் தந்தால் சிரில்லாவைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன் என்கிறான். சிரில்லாவை வளர்த்த கதாநாயகன் கெரால்ட் வீட்டைச் சோதிக்கிறான். சோதிப்பது நீங்கள்தான், உங்கள் கைதான் பொத்தானை அழுத்துகிறது. ஒரு ஓவியம் இடம் மாறித் தொங்குகிறது. அதை விலக்கினால் சுவரில் உடைவு. சிந்திய வைனின் மணம். கடத்தல் நடந்த வீடு இல்லை இது, அடி நடந்த வீடு என்பது யாரும் சொல்லாமலே உங்களுக்குப் புரிகிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அவன். வயிற்றிலிருந்த பிள்ளை இறந்துவிட்டது. பெயர் வைக்காமல் புதைத்த அந்தப் பிள்ளை பேயாக எழுந்து அலைகிறது.

இங்கே இரண்டு வழி. பேயை வெட்டிக் கொல்லலாம், அல்லது பாரன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய், பெயர் வைத்து, வாசற்படியின் கீழ் புதைக்கலாம். இரண்டாவதைத் தெரிவு செய்தால் அவன் இருட்டில் முன்னே நடக்க, நீங்கள் பின்னே நடக்க வேண்டும். வழியில் ஆவிகள் பாயும். பிள்ளை குழம்பும்போதெல்லாம் அதை அமைதிப்படுத்துவதும் உங்கள் வேலை. முடிவில் அவன் 'டேயா' என்று பெயர் சொல்லும்போது எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அடித்ததையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்க வைப்பதுதான் இந்தக் கதையின் பலம். இதை நாவலாக வாசித்திருந்தால் அவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். இங்கே கூடவே நடக்கிறோம்.

பாரன் கதையிலும் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அடிபட்டவள் அன்னா. அவளைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், அவள் தன் வாயால் கதைப்பது மிகக் குறைவு. அவள் உயிரோடு இருப்பாளா இல்லையா என்பதுகூட வேறொரு காட்டு மரத்தின் ஆவியை நீங்கள் விடுவித்தீர்களா, கொன்றீர்களா என்பதில் தங்கியிருக்கிறது. பாரன் தன் பக்கத்தைச் சொல்ல மேசையும் மதுவும் நீண்ட நேரமும் கொடுத்தவர்கள், அவளுக்கு அதில் பாதியாவது கொடுத்திருக்க வேண்டும்.

வில்லனை எப்படி எழுத வேண்டும் என்று அதே ஆட்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி, 2015 ஒக்டோபரில் வந்த 'ஹார்ட்ஸ் ஒஃப் ஸ்டோன்' என்ற இணைப்பு. அதில் வரும் கோன்டர் ஓடிம், மூல விட்சர் 3 விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒரு மதுச்சாலையில் சாதாரண வியாபாரியாக உங்களுக்கு உதவி செய்துவிட்டுப் போனவன். திரும்பி வந்து, நீங்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்த ஒரு குடிகாரனைக் காலத்தை நிறுத்தி, கண்ணுக்குள் மரக்கரண்டியைச் செருகிவிட்டுப் பேச்சைத் தொடர்வான். அந்த ஒரு கரண்டிக்கு எரெடினின் முழுப் படையும் ஈடாகாது.

என் மகன் இரவு முழுக்க இதோடு இருக்கிறான். ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வளர்த்த பிள்ளையைத் தேடிப் போகிற மனிசன் என்று சொன்னான். அந்த மனிசனோ வழியில் கண்டவனோடெல்லாம் கடதாசி விளையாடிக்கொண்டிருக்கிறான். பிள்ளையைத் தொலைத்தவன் செய்கிற வேலையா இது?
*ஒரு தாய், முள்ளியவளை*

அக்கா, இந்த விளையாட்டைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் வாசித்ததில்லை. பெரிய நிலப்பரப்பில் விருப்பப்படி திரியவிடும் எல்லா விளையாட்டுகளுக்கும் இந்த நோய் இருக்கிறது. கதை 'கெதியாக வா' என்று கத்தும். விளையாட்டு 'ஆறுதலாகச் சுற்றிப் பார்' என்று சொல்லும். நீங்கள் மாதக்கணக்காகக் குதிரைப் பந்தயம் ஓடினாலும் சிரில்லா அதே இடத்தில் அப்படியே இருப்பாள்.

நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியது. எங்களில் பலர் அந்த அம்மாக்களைக் கடந்துதான் வேலைக்குப் போய் வந்தோம். தேடுகிறவர்களும் சமைப்பார்கள், மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். தேடலுக்கு நடுவே வாழ்க்கை நடக்கும். ஆனால் புது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் படம் வெளியே வரும்: "இவரைக் கண்டனீங்களா?"

கெரால்ட் கடதாசி விளையாடட்டும். எதிரே இருப்பவனிடம் சாம்பல் நிறத் தலைமுடிப் பெண் ஒருத்தியைக் கண்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், உங்களுக்கு அந்தக் கோபம் வந்திருக்காது. எழுதியவர்கள் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது உண்மையான குறை.

மகனிடம் ஒன்று கேளுங்கள். மூடுபனித் தீவில் கெரால்ட் சிரில்லாவைக் கண்டுபிடிக்கும் காட்சி வரும்போது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். குடிசைக்குள் அவள் அசைவில்லாமல் கிடப்பாள். இறந்துவிட்டாள் என்றே நினைத்து அவளை மடியில் அணைத்துக்கொண்டு அந்த மனிசன் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பான். அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இரவு முழுக்க விளையாடுவதை நிறுத்தச் சொல்லி நானும் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எனக்கு வந்த முடிவில் சிரில்லா திரும்பி வரவேயில்லை. எல்லாச் சண்டையும் வென்றேன். எங்கே பிழை விட்டேன்?
*வாசகர், மாங்குளம்*

சண்டையில் பிழை விடவில்லை. மூன்று பெரிய முடிவுகளில் எது வரும் என்பதைத் தீர்மானிப்பவை அவளோடு நீங்கள் நடந்துகொண்ட சில சின்ன இடங்கள். அவள் மனம் உடைந்து இருந்தபோது "எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கத் தேவையில்லை" என்று சொல்லிக் குடிக்கக் கூப்பிட்டீர்களா, பனி உருண்டை எறிந்து விளையாடக் கூப்பிட்டீர்களா? மந்திரக்காரிகளைச் சந்திக்கப் போகும்போது தனியே போகவிட்டீர்களா, நானும் வருகிறேன் என்றீர்களா? கோபத்தில் அவள் அந்த ஆய்வுகூடத்தை அடித்து நொறுக்கும்போது தடுத்தீர்களா? அவளை ஒளித்துக் காப்பாற்ற முயன்று, ஊரிடம் கோழை என்று பெயர் எடுத்துச் செத்துப்போன ஸ்க்யால் என்ற பெடியனின் புதைகுழிக்குப் போக வேண்டும் என்று கேட்டாளே, கூட்டிக்கொண்டு போனீர்களா, நேரமில்லை என்றீர்களா?

புதைகுழிக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கேட்பதன் அர்த்தத்தை எங்கள் ஊர் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இது அநியாயம், எந்தப் பதில் முக்கியம் என்று முன்கூட்டியே தெரிவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். நான் இந்த விடயத்தில் விளையாட்டின் பக்கம். 'இது முக்கியமான தெரிவு' என்று பலகை வைத்திருந்தால் எல்லோரும் நல்ல அப்பாவாக நடித்திருப்போம்.

முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடாதா? உங்கள் பத்தியை வாசிக்கவே பயமாக இருக்கிறது.
*வாசகி, ஒட்டுசுட்டான்*

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும்போது கோவலன் சாகப் போவது கொட்டகையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை இருக்கிறார்கள். முடிவு தெரிந்தவுடன் செத்துப்போகும் கதையாக இருந்தால் அது திருப்பத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டது. ஆனாலும் உங்கள் விருப்பத்தை மதித்து, இனி முன்கூட்டியே எச்சரிக்கை போடுகிறேன்.

எங்களிடம் இருப்பது பழைய லப்டொப். கிராபிக்ஸ் காட் இல்லை. கதைக்காக விளையாட ஏதாவது இருக்கிறதா?
*இரண்டு நண்பர்கள், விசுவமடு*

2015 இல் வந்த 'அண்டர்டேல்'. பெரும்பாலும் டோபி ஃபொக்ஸ் என்ற ஒருவரே செய்தது. பழைய கணினியிலும் ஓடும். எதிரே வரும் எவரையும் கொல்லாமலே முடிக்கலாம், கொன்றால் விளையாட்டு அதை நினைவில் வைத்திருக்கும். பகிடிகள் நிறைய ஆங்கில வார்த்தை விளையாட்டு, அங்கே கொஞ்சம் சிரமப்படுவீர்கள்.

ஆர்.பி.ஜி. மேக்கர் மென்பொருளில் வன்னியை வைத்து ஒரு விளையாட்டுச் செய்கிறோம். பண்டாரவன்னியன் காலம், ஏழு மந்திரக் கற்கள், ஓர் அரக்க அரசன். கதை எப்படி?
*மூன்று மாணவர்கள், மல்லாவி*

நீங்கள் அனுப்பிய குறிப்பை முழுதாக வாசித்தேன். வரைபடம் மிக நன்றாக இருக்கிறது, குளக்கட்டும் பாலைமரங்களும் பார்த்தவுடன் எங்கள் இடம் என்று தெரிகிறது. கற்களையும் அரக்கனையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஏழு கற்களைச் சேர்க்கும் வேலை எந்த நாட்டுக் கதையிலும் பொருந்தும், ஆகவே அது உங்களுடையது இல்லை.

அதே குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பக்கக் கதை எழுதியிருக்கிறீர்கள்: இடம்பெயர்ந்து திரும்பிவந்த குடும்பம் தங்கள் கிணற்றை இறைக்கிறது. அதைப் பெரிய கதையாக்குங்கள். விளையாடுபவர் வாளியை இழுக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மேலே வரட்டும். சேறு, ஓட்டுத் துண்டு, ஒரு குடம், வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள். எதை எடுத்து வைப்பது, எதைத் திரும்பப் போடுவது, யாரிடம் காட்டுவது, அம்மம்மாவிடம் எதை மறைப்பது என்பதெல்லாம் தெரிவுகளாக வரலாம். அந்தப் பொருளின் சொந்தக்காரர் யார் என்று தேடி அடுத்த வளவுக்குப் போனால் கதை தானாக நடக்கும். அம்மம்மாவை மட்டும் அன்னாவைப் போல் விட்டுவிடாதீர்கள், அவருக்கு நிறையப் பேச்சு எழுதுங்கள், வன்னிப் பேச்சிலேயே.

முதல் ஒரு மணி நேர விளையாட்டு அந்த ஒரு வளவுக்குள்ளேயே நடக்கட்டும். அதை முடித்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். விளையாடிப் பார்த்து, எங்கே தொய்கிறது, எங்கே நிற்கிறது என்று விரிவாக எழுதுகிறேன்.