கடித்த மாதுளை: ரோசெட்டியின் ப்ரோசெர்பினா பற்றிய கேள்விகள்

ஆங்கில ஓவியரும் கவிஞருமான தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1874 என்று தேதியிட்ட 'ப்ரோசெர்பினா' ஓவியம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. நீலப்பச்சை உடை, அடர்ந்த கூந்தல், கையில் கடித்த மாதுளை. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

மேடம், சோகமான ஒரு பெண் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கதையைச் சொல்லுங்களேன்.

இது ரோமானியப் புராணக் கதை. பூப்பறித்துக்கொண்டிருந்த ப்ரோசெர்பினாவைப் பாதாள அரசன் புளூட்டோ தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் தாய் செரஸ், பயிர்களின் தெய்வம். அவள் மகளைத் தேடி அலைய, பூமியில் விளைச்சல் நின்றுபோகிறது. பெண்ணை மேலே அனுப்பத் தெய்வங்களின் அரசர் ஜூபிடர் சம்மதிக்கிறார். ஆனால் பாதாளத்தில் எதையும் சாப்பிட்டிருக்கக் கூடாது. அவளோ மாதுளை முத்துகளை வாயில் போட்டுவிட்டாள். ரோமானியக் கவி ஓவிட் கணக்கில் ஏழு முத்துகள். ஆண்டில் பாதி கீழே, பாதி மேலே என்று தீர்ப்பாகிறது.

பின்னால் சுவரில் தெரியும் வெளிச்சம் ஜன்னலா?

இல்லை. எங்கோ ஒரு திறப்பு சட்டென்று திறந்து, மேலுலக வெளிச்சம் ஒரு கணம் சுவரில் விழுகிறது. இருண்ட நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிற்கிறாள். ரோசெட்டியே ஒரு கடிதத்தில் இப்படி விளக்கியிருக்கிறார். ஆக, இது உட்கார்ந்து அழும் சோகம் இல்லை, நடை பாதியில் நின்ற ஒரு நொடி. அவள் அந்த வெளிச்சத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள் என்கிறார் அவர். எனக்கென்னவோ அவள் பார்வை எதிலும் பதியவில்லை என்றே படுகிறது. வெளிச்சத்தின் குறுக்கே போகும் ஐவிக் கொடி, விடாமல் பற்றிக்கொள்ளும் நினைவாம். தூபக்கால் அவள் தெய்வம் என்பதற்கு அடையாளம்.

அக்கா, மாடல் ஜேன் மோரிஸ் ரோசெட்டியின் காதலி என்கிறார்களே. அப்படியானால் புளூட்டோ ஜேனின் கணவர் வில்லியம் மோரிஸ்தானே?

இந்தக் கேள்வி எப்போதும் வந்துவிடும். ஜேன் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குதிரை லாயத் தொழிலாளியின் மகள். 1859-இல் மோரிஸை மணந்தார். 1871-இல் ரோசெட்டியும் மோரிஸும் சேர்ந்து கெல்ம்ஸ்காட் என்ற கிராமத்து மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தக் கோடையில் மோரிஸ் ஐஸ்லாந்து போய்விட, ஜேனும் ரோசெட்டியும் அங்கே தங்கினார்கள். கோடையில் மேலே, குளிரில் கீழே என்று கதையோடு பொருத்திப் பார்க்க ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் இதில் ஓட்டை உண்டு. இந்தப் படத்தை அவர் முதலில் ஆப்பிள் ஏந்திய ஏவாளாகத்தான் தொடங்கினார். பழம் முதலில் வந்தது, பாதாளம் பிறகுதான். அப்புறம், மோரிஸைக் கடத்தல்காரர் ஆக்கினால் அது ரோசெட்டியின் தரப்பு மட்டும். ஜேனை அந்த இருட்டில் திரும்பத் திரும்ப நிறுத்தியது யார்? தூரிகை பிடித்தவர்தானே!

ஆணைக் கெடுக்கும் அழகி வகையா இவளும்?

இல்லை. அதற்கு ரோசெட்டியின் இன்னொரு ஓவியமான 'லேடி லிலித்'தில் வரும் லிலித் இருக்கிறாள்.

ஓவியம் பழகுகிறேன். எதை உற்றுப் பார்க்க வேண்டும்?

கைகளை. ஒரு கை பழத்தைப் பிடித்திருக்கிறது. மற்றொரு கை அந்த மணிக்கட்டையே இறுகப் பற்றியிருக்கிறது. தன் கையைத் தானே தடுப்பது போல. ஆனால் கடித்தாயிற்று. அடுத்து நிறம்: படம் முழுக்கக் குளிர்ச்சி, பளிச்சென்று இருப்பது உதடும் பழத்தின் காயமும்தான். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தையும் (ஃபிரேம்) விட்டுவிடாதீர்கள். அதில் உள்ள வட்டங்கள் குறுக்கே வெட்டிய மாதுளை போலவே இருக்கும். அதையும் ரோசெட்டிதான் வடிவமைத்தார். ஃபோனில் சேமிக்கும்போது நாம் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்!

இதே படம் பர்மிங்ஹாமிலும் இருக்கிறதே, எது அசல்?

இரண்டும் அசல்தான். குறைந்தது எட்டு கான்வாஸில் இதை வரைந்து பார்த்திருக்கிறார். பர்மிங்ஹாமில் உள்ளது 1882-இல், இறப்பதற்குச் சற்று முன்பு முடித்தது. அதில் கூந்தல் செம்பட்டை.

மேல் மூலையில் ஏதோ எழுதியிருக்கிறதே?

அவரே எழுதிய பதினான்கு வரிக் கவிதை, இத்தாலியனில். ஆங்கில வடிவம் சட்டத்தில் இருக்கிறது. பேசுவது ப்ரோசெர்பினாவே. வெளிச்சம் தொலைவில், பூக்கள் தொலைவில் என்று அடுக்கிக்கொண்டே போய், என்னிடமிருந்தே நான் தொலைவில் இருக்கிறேன் என்கிறாள். கடைசி வரியில் மட்டும் இன்னொரு குரல் அவளுக்காக அழுகிறது. தாயா, காதலனா என்று கவிதை சொல்லவில்லை. நான் தாய் என்றே படிக்கிறேன்.