பாரிஸ் ஃபேஷன் மேடையில் வரும் ஓட் கூத்யூர் உடைகளை, அதாவது தனி ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் உயர்தர உடைகளை, யாராவது நிஜமாகவே உடுத்துவார்களா? இல்லையென்றால் எதற்குத் தைக்கிறார்கள்?

உடுத்துகிறார்கள். மேடையில் பார்த்த அதே கோலத்தில் பெரும்பாலும் இல்லை, அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் ஸ்கியாபரெல்லி என்ற ஃபேஷன் நிறுவனத்தின் காட்சியில் ஒரு கவுனின் தோளில் சிங்கத் தலை ஒன்று பிதுங்கிக்கொண்டு நின்றது. நுரைப்பொருள், பிசின், செயற்கை ரோமம் வைத்துக் கையால் செய்தது. அதே வாரம் விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற இன்னொரு நிறுவனத்தார் கவுன்களைத் தலைகீழாகக் கவிழ்த்து மேடைக்கு அனுப்பினார்கள். செய்தியில் அடிபடுவது இவைதான், அதனால் கூத்யூர் என்றாலே இந்தக் கூத்துதான் என்று நமக்குப் பதிந்துவிட்டது.

எனக்குக் கொஞ்சம் தையல் தெரியும். அதனால் கண் உடையின் உள்பக்கத்துக்குத்தான் போகும். ஷனேல் நிறுவனத்தின் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், கீழ்விளிம்பில் லைனிங்கை ஒட்டி மெல்லிய சங்கிலி ஒன்று சுற்றிலும் தைத்திருக்கும். அந்தக் கனத்தில் ஜாக்கெட் சுருட்டிக்கொள்ளாமல் நேராக விழும். கைக்குழியை அக்குளை ஒட்டி மேலேற்றி வெட்டியிருப்பார்கள். கையைத் தூக்கினால் கை மட்டும்தான் போகும். நான் தைத்த முதல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேல் அலமாரிக்குக் கை நீட்டினால் மொத்த ஜாக்கெட்டும் கூடவே கிளம்பும்!

கடையில் தொங்கும் 'மீடியம்' யாருடைய உடம்பையும் அளந்து வெட்டியதல்ல. கூத்யூரில் முதலில் மலிவான பருத்தித் துணியில் மாதிரி வெட்டி, ஆள் மேலேயே குண்டூசி குத்தி, பென்சிலால் கோடு போட்டு, பிரித்து, மறுபடி சேர்க்கிறார்கள். அப்புறம்தான் நல்ல துணியில் கத்தரி படும். தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டிருப்பதால் பின்னாளில் உடம்பு பெருத்தாலும் பிரித்துவிடலாம். மேடையில் கையில்லாமல் வந்த கவுனுக்குக் கை வைத்துத் தரச் சொல்வதும் சகஜம்.

சரி, எதற்காக? பணத்துக்காக என்றால், உடையில் வருவதைவிட வாசனைத் திரவியத்திலும் லிப்ஸ்டிக்கிலும் வருவதுதான் அதிகம். கூத்யூர் அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை. பிரான்சில் 'ஓட் கூத்யூர்' என்ற பெயருக்கே 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு: பாரிஸில் சொந்தத் தையற்கூடம் வேண்டும், தனி ஆளுக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும், ஜனவரியிலும் ஜூலையிலும் காட்சி வைக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இறகு வேலைக்கு லெமாரியே, எம்பிராய்டரிக்கு லெசாஜ் போன்ற பட்டறைகள் மூச்சு விடுவதில் இந்த ஆர்டர்களுக்கும் பங்கு உண்டு. லெசாஜை 2002இல் ஷனேலே வாங்கிவிட்டது. கூடங்களில் தைக்கும் பெண்களை அங்கே 'சின்னக் கைகள்' என்பார்கள். ஒரு உடைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் அந்தக் கைகளில் போகும். புகைப்படத்துக்காகவே செய்த உடைகளும் இருக்கின்றன, எனக்கு அவற்றில் ஆர்வமில்லை.

ஆனால் அந்தச் சிங்கத்தைத் தோளிலிருந்து கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு கறுப்பு வெல்வெட் கவுன். எந்த விருந்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம்.