அக்காவிடம் கேட்டீரா?

*வணக்கம். விசுவமடுவில் மாடு வளர்த்துக்கொண்டு இருக்கும் என் அக்காவுக்கு மார்புப் புற்றுநோய், ஆரம்ப நிலை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை செய்யலாம், இல்லாவிட்டால் மார்பை முழுதாக எடுக்கலாம் என்றார்களாம். அக்கா 'முழுசா எடுத்துவிடுங்கோ' என்கிறா. நான் கனடாவில் இருக்கிறேன். அவவின் அறியாமையை எப்படிப் போக்குவது? முள்ளுச்சீத்தா இலை அவித்துக் குடிக்கலாமா?*

அன்புள்ள தம்பி,

முள்ளுச்சீத்தாவைப் பழமாகச் சாப்பிடலாம். அந்தக் கதை அதோடு முடிந்தது.

அக்காவை அறியாதவ என்று எழுதினீரே, அதற்குத்தான் இந்தப் பதில். கதிர்ச் சிகிச்சைக்கு அவ தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கிழமையில் 5 நாள், 3 தொடக்கம் 5 கிழமை. பரந்தனில் ஒரு பஸ், யாழ்ப்பாணத்தில் இன்னொன்று. மாட்டை யார் பார்ப்பது? அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஆய்வொன்றின் 20 வருடக் கணக்கு 2002இல் வந்தது. முழுதாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கட்டியை எடுத்துக் கதிர் எடுக்காதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிரும் எடுத்தவர்களில் 14 பேருக்கு. பாதியில் நின்றுபோனால் என்ன கதி என்று அக்கா யோசித்திருப்பா. நீர் யோசித்தீரா?

உயிருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவவுக்கு யாராவது சொன்னார்களா? கமக்கட்டு நெறிகளுக்கு, அதாவது அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்கு, நோய் பரவியிருந்தால், முழுதாக எடுத்த பிறகும் கதிர் தேவைப்படலாம் என்று? அது தெரியாமல் பஸ்ஸுக்குப் பயந்து எடுத்துவிட்டால் பிறகு அழுவா.

என் மாமிக்கும் இதே நோய். ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் 'முழுசா எடுங்கோ' என்றார். மாமி கையெழுத்து வைத்தா. கன வருடம் கழித்து, மீன் வெட்டிக்கொண்டிருந்தவ நிமிராமலே சொன்னா: "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். எண்டாலும் கேட்டிருக்கலாம்." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வன்னியில் குண்டுச் சன்னத்தோடு நடந்து திரிகிற பெண்கள் இருக்கிறார்கள். உடம்பில் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று அவர்களுக்கு நாங்களா படிப்பிப்பது?

வாட்ஸ்அப்பில் வகுப்பு எடுக்கிறதை விடும். ஆரம்ப நிலையில் யோசிக்க ஒன்றிரண்டு கிழமை எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. அடுத்த கிளினிக்குக்கு அக்கா தன் மகளோடு போகட்டும், அண்ணன் தம்பிமார் வெளியில் நிற்கட்டும். தெல்லிப்பழையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளும். அப்பவும் 'எடுத்துவிடுங்கோ' என்றால், வாயை மூடிக்கொண்டு அந்தக் காசை மாடு பார்க்கிற ஆளுக்கு அனுப்பும்.